பத்துக் கிலோ காற்று

பார்சல் திரும்பி வந்தபோது தையற்காரி வீட்டில் இல்லை. நாத்தனார் சிட்டுதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். பெட்டியின் மேல் சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: 'தபால் கட்டணம் போதவில்லை. பெறுநர் வாங்க மறுத்தார்.'

தையற்காரி வேலை பார்த்த உடுப்புத் தொழிற்சாலையை மூடிய பிறகு, அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து தொடங்கிய வியாபாரம் அது. தொங்கு விளக்குக்கு மாட்டும் துணிக்கூடுகளை அண்ணி தைப்பாள். படம் எடுத்து இணையத்தில் போடுவது, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, அனுப்புவது எல்லாம் சிட்டுவின் பாடு. பெட்டியோடு சேர்த்து நிறுத்தால் கூடு அறுநூறு கிராம்தான். அந்த எடைக்குக் கட்டணத்தை வீட்டிலிருந்தே கட்டி, சீட்டை அச்சடித்து ஒட்டி, அஞ்சலக வாசலில் பார்சல் போடும் கூண்டில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். நீளம், அகலம், உயரம் கேட்ட கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருந்தாள். முதல் ஐந்து பார்சல்கள் எப்படியோ தப்பித்துப் போய்ச் சேர்ந்ததால், அந்தக் கட்டங்கள் சும்மா அழகுக்கு இருக்கின்றன என்று நினைத்துவிட்டாள்.

ஆறாவது மாட்டிக்கொண்டது. அதை வாங்கியவர் ஒரு நர்ஸ். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் அம்மாவுக்கு வெளிச்சம் கூசக் கூடாதென்று கேட்டிருந்தார். கூட்டின் விலையைவிட அதிகமாக வாசலில் தபால்காரர் கேட்டதும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். சிட்டுவின் போனுக்கு அவர் அனுப்பியிருந்த செய்தியைத் தையற்காரி இரண்டு தடவை படித்தாள்.

'உங்களை ஏமாத்துக்காரங்கன்னு சொல்லல. அளவு பார்க்காம அனுப்பிட்டீங்கன்னுதான் சொல்றேன்.'

ஏமாற்றுக்காரி என்று திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. இருபது வருஷமாக, அளவெடுக்காமல் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததில்லை அவள்.

மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த அம்மாள் பெட்டியைத் தராசில் வைக்கவே இல்லை. டேப்பை எடுத்தார். நாற்பது, நாற்பது, முப்பத்திரண்டு என்று அளந்து, மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தார்.

"பத்துக் கிலோவுக்கு மேல வருதும்மா."

"அறுநூறு கிராம்தாங்க. உள்ள வெறும் காத்துதான் இருக்கு."

"அந்தக் காத்துக்கும் வண்டியில இடம் வேணுமில்ல? எடை, இடம், ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு."

அதன் பிறகு அவர் பொறுமையாகவே விளக்கினார். ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஒரு கட்டணம். ஒரு மயிரிழை தாண்டினாலும் அடுத்த கட்டணம். தூரத்தைப் பொறுத்து மூன்று வட்டம். கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள் தையற்காரி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீட்டில் சிட்டு தலையில் கை வைத்துக்கொண்டாள். தபால் செலவையும் சேர்த்து விலையை ஏற்றிவிடலாம் என்றாள். ஏற்றினால் யார் வாங்குவார்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். கடைசியில், கடையை இழுத்து மூடிவிட்டு வேறு ஏதாவது விற்கலாம் என்று வந்து நின்றாள்.

"கடையை ஏன் மூடணும்? கூட்டைத்தான் மூடணும். மடக்கி மூடற மாதிரி தைக்கிறேன், பாரு."

திரும்பி வந்த கூட்டையே மேசையில் போட்டுப் பிரித்தாள். கம்பி வளையத்தை இரண்டு பிறையாக வெட்டி, முனைகளில் சிறு குழாய் கோர்த்துப் பொருத்திப் பார்த்தாள். துணியை ஒரே நீளமாக விடாமல் மூன்று பலகைபோல் விறைப்பாகத் தைத்து, இடையில் மடிப்புத் தையல் விட்டு, ஓரத்தில் அழுத்துப் பொத்தான் வைத்தாள். முதல் கூடு மாட்டியதும் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. இரண்டாவதில் மடிப்பின் வழியே வெளிச்சம் கோடுகோடாகக் கசிந்தது. மூன்றாவதை அவளே முகம் சுளித்துக் கிழித்துப் போட்டாள். மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. சிட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் பிறகு தானும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலாவது நாள் ஒன்று நேராகத் தொங்கியது. பிரித்து மடக்கித் தட்டை அட்டையில் வைத்தார்கள். நாற்பத்தொன்று, முப்பத்தொன்று, நாலு. சிட்டு பெருக்கி வகுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு கிலோ, பதினேழு கிராம். விடு அண்ணி, பதினேழு கிராம்தானே."

"அந்தப் பதினேழுக்காக வாங்கறவங்க அடுத்த கட்டணம் கட்டணுமா? அரை சென்டிமீட்டர் குறைச்சாப் போதும்."

எல்லாம் தட்டையாகக் கிடக்க, விளக்கைப் பிடிக்கும் நடுக்கொக்கி மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. பூட்டுக் கடைக்காரரிடம் கொண்டுபோய் அதைக் கழற்றி மாட்டும்படி மரை போட்டுத் தரச் சொன்னாள். அரை மணி நேர வேலை. கழற்றிப் படுக்கவைத்ததும் அட்டையின் உயரம் மூன்றரைக்கு இறங்கிவிட்டது. அஞ்சலகத்தில் கவுண்டர் அம்மாள் டேப்பைப் பிடித்து, ஒரு கிலோவுக்கான கட்டணத்தைச் சொன்னார். தையற்காரி இன்னொரு தடவை அளக்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே அளந்தார். அதேதான்.

அந்த முதல் தட்டைப் பார்சல், காசு வாங்காமல், நர்ஸின் விலாசத்துக்குத்தான் போனது. எப்படி மாட்டுவதென்று சிட்டு படம் வரைந்து உள்ளே வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. இடையில் கடையில் வேறொன்று வாங்கியாகிவிட்டதாம். இருந்தாலும் அம்மா இதைத்தான் கட்டிலுக்கு மேல் மாட்டச் சொன்னாராம். பொத்தானை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வைத்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார். தையற்காரி அன்றே பொத்தானை மாற்றினாள்.

விற்பனைப் பக்கத்தில் இப்போது மூன்று வட்டத்துக்கும் மூன்று தபால் கட்டணம் தனித்தனியாக இருக்கிறது. நீளம், அகலம், உயரம் கேட்கும் கட்டங்களை நிரப்பாமல் சிட்டு ஒரு சீட்டுகூட அச்சடிப்பதில்லை. போன வாரம் ஒருவர், தன் உணவு விடுதிக்கு இதைவிடப் பெரிய கூடுகள் எட்டு வேண்டும், முடியுமா என்று கேட்டிருந்தார். எட்டு என்றதும் சிட்டுவுக்குக் கை பரபரத்தது; உடனே சரியென்று பதில் போடப் போனாள்.

தையற்காரி போனை மெல்ல வாங்கி மேசையில் கவிழ்த்துவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தாள்.

"கூடு எவ்வளவு அகலம் வேணுமாம்? சொல்லு, முதல்ல பெட்டியை வரைஞ்சிக்கிறேன்."