அத்தான் கொடுத்த லேப்டாப்

வேண்டாத பொருளை அத்தான் குப்பையில் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. யார் தலையிலாவது கட்டுவார், கட்டிய கையோடு அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அப்படித்தான் மாமியார் வீட்டுக்கு ஒரு கால் ஆடும் மேஜை வந்தது, சுற்றாத மின்விசிறி வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய லேப்டாப்பும் வந்தது. அது சின்னவளுக்கு.

சின்னவள் அத்தானின் மனைவிக்குத் தங்கை. அம்மாவோடு இருந்துகொண்டு, பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பவள். "தங்கமான மெஷின். உனக்குன்னே பத்திரமா வச்சிருந்தேன்" என்று சொல்லி அத்தான் அதை அவள் கையில் கொடுத்தார். கொடுக்கும் காட்சியைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டார். படத்தில் முக்கால்வாசி அவர் முகம்தான்.

தங்கமான மெஷின் கண் விழிக்கப் பதினேழு நிமிடம் ஆனது. அத்தானின் பழைய கோப்புகள் திரையில் அப்படி அப்படியே கிடந்தன. அவற்றில் ஒரு கடிதத்தைத் திறந்து சின்னவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு மூடிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்தாள். அடிமூடியைக் கழற்றினால் உள்ளே பிஸ்கட் தூளும் தலைமுடியும் செத்த கரப்பான்பூச்சி ஒன்றும் இருந்தன. பிரஷ்ஷால் தட்டித் துடைத்தாள். ஃபேனில் அடைந்திருந்த தூசியை எடுத்தாள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அதிலிருந்த கோப்புகளோடு கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டாள், மெமரியைக் கூட்டினாள், சார்ஜ் நிற்காத பேட்டரியை மாற்றினாள், நாலு எழுத்து உதிர்ந்துபோன கீபோர்டைக்கூட விட்டுவைக்கவில்லை. சந்தில் கடை வைத்திருந்த ரிப்பேர்க்காரர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த லேப்டாப் பொத்தானைத் தொட்டால் எழுந்தது.

இரண்டு வருடத்தில் அதில் பதினோரு புத்தகம் முடித்தாள். இப்போது கையில் இருந்தது ஓர் அகராதி. புதன்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் பதிப்பகத்தில் நிரந்தர வேலை, தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அத்தான் போன் செய்தார்.

"பாப்பா காலேஜ் சேர்றாம்மா. உன் லேப்டாப் பறக்குதுன்னு உங்க அக்கா சொன்னா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"அத்தான், புதன்கிழமை வரைக்கும் விடுங்களேன். என் வேலையே இதுலதான் இருக்கு."

"அதெல்லாம் மொபைல்லயே அடிச்சுக்கலாம்மா. நான் குடுத்ததுதானே? நம்ம வீட்டுப் பொருள்தானே?"

அறுநூறு பக்க அகராதியை மொபைலில் அடிப்பதாம். சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவோ வழக்கம்போல மாப்பிள்ளைக்கே கொடி பிடித்தாள். "குடுத்தவர் கேக்கறார். இல்லைன்னு சொன்னா உங்க அக்காவைத்தான் பேசுவார். குடுத்துடுடி."

"குடுத்துடறேன்மா. அவர் குடுத்ததை ஒண்ணு விடாம குடுத்துடறேன்" என்றாள் சின்னவள்.

சனிக்கிழமை ரிப்பேர்க்காரரிடம் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். அதே கம்பெனி, அதே மாடல். திரையும் போர்டும் நன்றாக இருந்தன, மற்ற பாகங்களை யாரோ உருவி எடுத்திருந்தார்கள்.

"இதை எடுத்துக்கோம்மா. உன் சாமானெல்லாம் இதுக்கு அப்படியே பொருந்தும்" என்றார்.

சாயங்காலத்துக்குள் அவள் வாங்கிப் போட்டதெல்லாம் அந்தக் கூட்டுக்குள் குடியேறிவிட்டது. அகராதி ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் திறந்தது. பிறகு பிஸ்கட் டின்னை இறக்கி, அத்தானின் லேப்டாப்பில் அத்தானின் பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். கரப்பான்பூச்சியை அன்றே தூக்கிப் போட்டுவிட்டோமே என்று மட்டும் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். லேப்டாப்பை வாங்கி, வயரைச் சொருகி, மகள் முன்னால் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. அது முக்கிக்கொண்டே இருந்தது. பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களைப் பற்றி அத்தான் நீளமாக ஒரு பிரசங்கம் வைத்தார். அது முடிவதற்கும் திரை வருவதற்கும் சரியாக இருந்தது.

"என்னம்மா இது, ஆமை மாதிரி நகருது? என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணுமே பண்ணலை அத்தான். நான் வாங்கிப் போட்டதை மட்டும் எடுத்துக்கிட்டேன். நீங்க குடுத்தது அப்படியேதான் இருக்கு."

"அப்பா, இதுல உங்க லெட்டர் ஒண்ணு இருக்கு" என்றாள் மகள். அது இந்த லேப்டாப்பைத் தந்த பழைய அலுவலகத்துக்கு அத்தான் எழுதியது. அவள் சத்தமாகவே படித்தாள்.

"ஐயா, எனக்குத் தந்திருக்கும் லேப்டாப் எதற்கும் உதவாத குப்பை. இதில் வேலை பார்க்கச் சொல்வது மனிதனை அவமானப்படுத்துவதாகும். எனக்குப் புதியது தருவதோடு, இதை எதிரிக்குக்கூடக் கொடுத்துவிடாமல் குப்பையில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அத்தான் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். பேட்டரியும் அவருடையதுதானே, திரை அந்த நொடியே இருண்டது. ஆனால் படித்து முடித்தாயிற்று.

அக்கா இருபது வருடமாகப் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். மெதுவாகத்தான் கேட்டாள். "எதிரிக்குக்கூடக் குடுக்கக் கூடாதுன்னு எழுதிட்டு, அதை என் தங்கச்சிக்குக் குடுத்தீங்களா?"

"ஆபீஸுக்கு... அப்படி எழுதினாத்தான் புதுசு தருவான். பழசை என்கிட்டயே விட்டுட்டான்" என்று அசடு வழிந்தார் அத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார், லேப்டாப்பை மேஜை மேலேயே விட்டுவிட்டு. அவரே கொடுத்த, கால் ஆடும் மேஜை அது.

அம்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அதை அவர் கையில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை. நம்ம வீட்டுப் பொருள்தானே."

உள்ளறையில் சின்னவள் பொத்தானைத் தொட்டாள். அகராதியில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது.