மோவாய்க்கு ஒரு சாம்பிள்

அபிராமி கழுத்துப் பட்டியைத் தைத்து முடித்து, பிசிறை நறுக்கி, டி-சர்ட்டை ஒரு உதறு உதறினாள். பிறகு தடுப்புத் துணிக்குப் பின்னால் போய் அதையே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் இது தினமும் நடப்பதுதான். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் அளவுத் தாளில் மீடியம் என்று இருக்கும் எண்கள் எல்லாம் அவள் உடம்பில் அப்படியே இருந்தன. தோளில் அரை சென்டிமீட்டர் கூட வித்தியாசம் வராது. அதனால் தைப்பதும் அவள், போட்டுக் காட்டுவதும் அவள்.

பேட்டர்ன் மாஸ்டர் நஞ்சப்பன் டேப்பைக் கழுத்தில் போட்டபடி அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கைய மேல தூக்குங்க. செரி. எறக்குங்க. பொம்மைக்குப் போட்டா எல்லாமே நல்லாத்தான் தெரியுது. அபிராமி போட்டாத்தான் குத்தம் தெரியும்."

அப்போதுதான் முதலாளியின் மகன் தரணீதரன் செல்போனும் கையுமாக உள்ளே வந்தான். கம்பெனி சொந்தப் பெயரில் ஆன்லைனில் பனியன் விற்கத் தொடங்கியிருந்தது. முந்தின நாள் அபிராமியை நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க அபிராமி. துணி அருமையா உக்காந்திருக்குது. மூஞ்சியும் நல்லாத்தானுங்க இருக்குது. சைடுல எடுத்தா மட்டும் தாவாங்கட்டை கொஞ்சம் உள்ள போயிருக்குது."

அபிராமி குனிந்து செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருசத்தில் தன் முகத்தைப் பக்கவாட்டில் அவள் பார்த்ததே இல்லை.

"எங்க ஊர்ப்பக்கம் இத நாடிம்பாங்க சார். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும்."

"இப்ப அதுக்கு ஆபரேசன் இருக்குதுங்க. கோயமுத்தூர்ல காலைல போனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்தரலாம். எம்பட ஃப்ரெண்டுக நாலு பேரு பண்ணிக்கிட்டாங்க. பாதிச் செலவு கம்பெனி போடும். மூணு வருசத்துக்கு வேற கம்பெனிக்குப் போக மாட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அப்புறம் தைக்க வேண்டியதில்லீங்க. போட்டோ வேலை மட்டுந்தான்."

தைக்க வேண்டியதில்லை என்ற சொல் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. விளாத்திகுளத்திலிருந்து வந்த எட்டு வருசத்தில் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து அவள் இடுப்பு மாலையில் நிமிர மறுத்தது.

மதியச் சாப்பாட்டுக்குள் அறை முழுக்கத் தாடைப் பேச்சு பரவிவிட்டது. டப்பாவைத் திறக்காமல் எல்லோரும் பக்கவாட்டில் செல்ஃபி எடுத்தார்கள். செக்கிங் மேஜை நூர்ஜான் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு இருக்குது. ஒண்ண நீ எடுத்துக்க, ஆபரேசன் எதுக்கு?" என்றாள். நஞ்சப்பன் தாடியைத் தடவிக்கொண்டார். "இத எதுக்கு வளத்தேன்னு நெனச்சீங்க?"

ஞாயிற்றுக்கிழமை அபிராமியும் நூர்ஜானும் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். கிளினிக்கில் உட்கார இடமில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்கள், கல்லூரிப் பையன்கள், ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். நூர்ஜான் வேலைப் பழக்கத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து அபிராமியின் காதில், "பாஸ். பாஸ். இவரு ரிஜெக்ட்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அபிராமி துப்பட்டாவை வாயில் அடைத்துச் சிரித்தாள்.

டாக்டரம்மா சிலிக்கான் துண்டு ஒன்றை எடுத்து அபிராமியின் உள்ளங்கையில் வைத்தார். பிறை மாதிரி வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. அபிராமி அதை வளைத்தாள், ஓரத்தில் நகத்தை ஓட்டினாள்.

"ஃபினிஷிங் நல்லாருக்கு மேடம்."

நூர்ஜான் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வாஷ் கேர் லேபிள் எங்கீங்க?"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். மோவாய்க்கு அடியில் சின்னதாகக் கீறி எலும்பின் மேல் வைப்பார்கள். சில நாள் வீக்கம் இருக்கும். எப்போதாவது ஒருவருக்குச் சீழ் பிடிக்கலாம், இடம் நகரலாம், அப்படியானால் எடுக்க வேண்டும்.

"எத்தன வருசம் இருக்கும் மேடம்?"

"ஒண்ணும் ஆகலைன்னா ஆயுசுக்கும். உங்களுக்கு இது வேணும்னு தோணுதா?"

அபிராமி தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். "போட்டோல இருக்கணும்னு தோணுது மேடம். நாடி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

"அப்ப வீட்டுக்குப் போய் யோசிங்க. அவசரமே இல்ல," என்றார் டாக்டரம்மா.

திங்கட்கிழமை அவள் தரணீதரன் அறைக்குப் போனாள்.

"வச்சா ஆயுசுக்கும் இருக்குமாம் சார். போட்டோ வேலையும் ஆயுசுக்கும்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

"அதெப்படிங்க. டிரெண்டு மாறிட்டே இருக்குமில்லீங்க."

"அப்ப என் நாடி இப்படியே இருக்கட்டும் சார்."

விஷயம் தெரிந்ததும் நூர்ஜான் அறை முழுவதற்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நஞ்சப்பன் இரண்டு எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து பிரியங்கா என்ற மாடல் பெண் வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். அபிராமி தைத்த மீடியம் அவள் இடுப்பில் தொளதொளத்தது. பின்னால் கிளிப் போட்டால் முன்னால் கோடு விழுந்தது. தரணீதரன் சாம்பிள் அறைக்கே வந்துவிட்டான்.

"அபிராமி, கொஞ்சம் மேல போட்டோ எடுக்கற ரூமுக்கு வாங்க. துணியப் புடிக்க உங்களாலதான் ஆகும்."

அபிராமி பிரியங்காவுக்குப் பின்னால் முழங்காலிட்டு, துணியை இரண்டு கையிலும் திரட்டிப் பிடித்தாள். முன்பக்கம் பிரியங்காவுக்கென்றே வெட்டியது போல அமைந்தது.

"இத யாரு தைச்சாங்கக்கா? கழுத்துல உறுத்தவே இல்ல," என்று பிரியங்கா திரும்பாமலே கேட்டாள்.

"நாந்தான். உங்க நாடிக்கு நல்லா எடுப்பா இருக்கு."

பிரியங்கா குரலைத் தாழ்த்தினாள். "இது என்னோடது இல்லக்கா. போன வருசம் வச்சது. இப்ப மூக்கையும் சரி பண்ணிக்கச் சொல்றாங்க."

"அடுத்த வருசம் காதா?"

பிரியங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அபிராமிக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேர் சிரிப்பிலும் துணி குலுங்கியது.

"அந்தச் சிரிப்பு நல்லாருக்குங்க. அப்படியே இருங்க," என்றார் கேமராக்காரர். பிறகு கேமராவிலிருந்து கண்ணை எடுத்து எட்டிப் பார்த்தார். "பின்னாடி இருக்கறவங்க தலை தெரியுது. இன்னும் கொஞ்சம் கீழ போங்க."

அபிராமி பிடியை விடாமல் நெற்றி தரையைத் தொடுமளவு குனிந்தாள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.