பந்தனா கவுண்டரில் ஒரே ஒரு ஸ்டூல்

எங்கள் கடையில் இரண்டாவது மாடிக்கு ஏறி வந்ததும் இடது பக்கம் இருப்பது, தலையில் கட்டுகிற பந்தனாத் துணி விற்கும் கவுண்டர். ஒரு மேசை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு ஸ்டூல். ஒரே ஒரு ஸ்டூல்தான். அதில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் என் நாத்தனார். ஆறு வருஷமாக அவளுக்குப் பின்னால் நிற்பவள் நான்.

வேலை இதுதான். சதுரத் துணியை மூலைக்கு மூலை சேர்த்து முக்கோணமாக்க வேண்டும். கூர்முனையிலிருந்து மடித்துக்கொண்டே வந்தால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும். அதை நெற்றிக்கு மேலே வைத்து, காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய், பிடரியில் ஒரு முடிச்சு. இளசுகள் கேட்டால் முடிச்சை உச்சிக்குக் கொண்டுவந்து நுனிகளை முயல் காது மாதிரி நிமிர்த்திவிட வேண்டும். கழுத்துக்கு, மணிக்கட்டுக்கு, கைப்பையின் பிடிக்கு என்று இன்னும் பத்துப் பன்னிரண்டு தினுசு உண்டு. அவள் தலை, நான் கை. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கட்டி அவிழ்ப்போம். கூட்டம் வேடிக்கை பார்க்கும். "இது கர்சீப்தானே?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுபவர்கள்தான் அதிகம். ஆமாம் தாயே, மூக்கைச் சிந்தினால் கர்சீப், தலையில் கட்டினால் பந்தனா. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுச் சிரிப்பேன். சிரிப்பதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்.

என் முழங்கால் போய் ஒரு வருஷமாகிறது. காலையில் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானத்துக்குள் உள்ளே யாரோ மணலைக் கொட்டி அரைப்பது போல ஆகிவிடும். "நிக்கிற வேலைய விட்டுடுங்கம்மா" என்றார் டாக்டர். விட்டுவிட்டு எதைச் செய்வது என்று மருந்துச் சீட்டில் அவர் எழுதவில்லை.

மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை போய் நின்றேன். இன்னொரு ஸ்டூல் போட்டால் வழி அடைத்துக்கொள்ளும் என்றார். சரி, நாங்கள் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்கிறோம் என்றேன். என் நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தலையப் பாத்துத்தானே வாங்குறாங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் மேல் கோபப்பட்டால் வேலை போய்விடும். அதனால் கோபம் முழுவதும் ஸ்டூலில் இருந்தவள் மேல் திரும்பியது. இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதல் நாள் "அண்ணி, கொஞ்சம் இறுக்குது" என்றாள். "இறுக்கினாத்தான் நிக்கும். நழுவுற பந்தனாவ யாரு வாங்குவா?" என்றேன். அதற்கப்புறம் அவள் வாயைத் திறந்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வருகிறவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு வருஷமாக அவள் வீட்டிலும் பந்தனாவைக் கழற்றுவதில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் தலையில் ஒரு பட்டை. "உங்க தங்கச்சிக்கு மினுக்கு ரொம்ப ஜாஸ்தி" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். அந்த மனிதர் கல்யாணத்தன்றும் அப்படித்தான் "ம்" என்றார்.

போன சனிக்கிழமை நல்ல கூட்டம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். முடிச்சை இழுத்துக் கட்டும்போது என் கால் மடங்கிவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்ததால் விழவில்லை. மடித்து அடுக்கியிருந்த பந்தனாக்கள் சரிந்து தரையெல்லாம் பரவின. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"உனக்கென்ன, ராணி மாதிரி உக்காந்திருக்க. நின்னு பாத்தாத் தெரியும்."

அடிக்குரலில்தான் சொன்னேன். ஆனாலும் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க. நான் கட்டுறேன்."

தூரத்திலிருந்து மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வருவது தெரிந்தது. அதற்குள், அரை மணி நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா முன்னால் வந்தார். என் வயசு இருக்கும், தலை என்னைவிட நரை.

"அப்பாடா! சின்னப் பொண்ணுக்கு எதக் கட்டினாலும் நல்லாத்தான் இருக்கும். இந்தத் தலையில கட்டிக் காட்டுங்க. அந்தப் பொண்ணு கட்டியிருக்கே, அந்தக் கலர்தான் எனக்கு வேணும்."

மேற்பார்வையாளர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார். நான் உட்கார்ந்தேன். முழங்காலிலிருந்து பாரம் இறங்கியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதற்காகத்தானே ஒரு வருஷமாக மனசுக்குள் அவளைத் திட்டினேன்!

அந்தக் கலரில் அவள் தலையில் இருந்தது ஒன்றுதான் மிச்சம். அவள் கை பிடரி வரை போய், ஒரு கணம் தயங்கியது. பிறகு கழற்றினாள்.

கண்ணாடியில் பார்த்தேன். வேலை நேரத்தில் அவள் தலைக்குப் பின்னால் நிற்கிறவள் நான். ஒன்றை அவிழ்த்த கையோடு அடுத்ததைக் கட்டிவிடுவேன், என் கண் கண்ணாடிக்குப் போகாது, பிடரி முடிச்சில்தான் இருக்கும். முன்பக்கம் கூட்டத்துக்குத்தான். இப்போதுதான் எதிரே பார்க்கிறேன். நெற்றிக்கு மேலேயும் காதோரம் இரண்டு பொட்டுகளிலும் முடியே இல்லை. பட்டை உட்காருகிற அதே இரண்டு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று இருந்தது.

அவள் துணியை மடித்தாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் யாருக்கும் கட்டியதில்லை. என் கையை அவள் பார்த்ததுமில்லை, தலையில் உணர்ந்தது மட்டும்தான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். பட்டை சரியான இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த நொடி, இரண்டு பொட்டிலும் சுரீரென்றது. கழுத்து பின்னால் வெட்டி இழுத்தது.

பழி வாங்குகிறாளோ என்று நினைத்தேன். கண்ணாடியில் அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கவனமாக, தப்பு வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த சரியான கட்டு அதுதான்.

"எப்பலேர்ந்துடி இப்படி?" என்றேன், மெதுவாக.

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே அண்ணி. முதல் நாளே."

எனக்கு வெட்கமாக இருந்தது. நூறு தடவை, ஆறு வருஷம் என்று மனசு தானாகப் பெருக்கப் பார்த்தது. வேண்டாம் என்று விட்டேன்.

"கொஞ்சம் தளத்திக் கட்டு" என்றேன்.

"நழுவிடுமே அண்ணி" என்றாள், நிஜமான பயத்தோடு.

"நழுவினா நழுவட்டும்."

அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு விரல் உள்ளே போகிற மாதிரி மறுபடி கட்டினாள். அந்த அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதையே கழட்டிக் குடுங்க" என்றார். கழற்றிக் கொடுத்தோம். அடுத்து ஒரு நீல நிறத்தை எடுத்து அதே மாதிரி தளர்வாகக் கட்டினாள்.

கடை மூடும் வரை அது என் தலையில் இருந்தது. குனிந்தேன், நிமிர்ந்தேன், கீழே கிடந்த துணிகளைப் பொறுக்கினேன். நழுவவே இல்லை.