ஒரு வளையம் குறைந்த பாய்ச்சுருட்டி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கீரனூரிலிருந்து திருச்சி போகும் காலைப் பேருந்தில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பதினோரு நாள் ஒருத்தி சொன்னது. அவளை ஷீபா என்று வைத்துக்கொள்கிறேன். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்த மறுநாள்தான் சொல்லத் தொடங்கினாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கடைசி நாளில் கேட்டதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்னைய நல்லவளா எழுதிறாதீங்கக்கா."

நான்கு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தாயிற்று. ஒன்றை மட்டும் காட்டுகிறேன்: 'கடல் அன்றைக்கு வெள்ளித் தகடு போல...'

(நிறுத்திவிட்டேன். பதினோரு நாளில் ஷீபா கடலை ஒருமுறைகூட வர்ணிக்கவில்லை. அவள் சொன்னதெல்லாம் அளவுகள்.)

2

ஆகவே அளவிலிருந்தே தொடங்குகிறேன். இருபதடி நீளப் படகு. ஷீபாவின் கணவன் சார்லஸ் வளைகுடாவில் ஒரு படகுச் சங்கத்தில் பதினேழு வருடம் பாய் கட்டுகிற வேலை பார்த்தவன். ஊர் திரும்பியதும் புதுச்சேரியில் யாரோ கழித்துக்கட்டிய அந்தப் பாய்ப்படகை வாங்கி, புதுக்கோட்டைக் கடற்கரையிலிருக்கும் ஜெகதாப்பட்டினத்துக்குக் கொண்டுவந்து, ஓட்டைகளை அடைத்து மிதக்கவிட்டான். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். விசைப்படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

படகின் முனையிலிருந்து பாய்மரத்தின் உச்சிக்கு ஒரு கம்பி போகும். அதில் கொக்கி கொக்கியாக மாட்டிய முக்கோணத் துணிதான் முன்பாய். காற்று கூடினால் யாராவது முனைக்குப் போய் அதைக் கையால் இழுத்து இறக்கிக் கட்ட வேண்டும். சார்லஸ் சுக்கானை விட்டு நகர முடியாது. நான்கு வருடம் முனைக்குப் போனவள் ஷீபா.

கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. கோயிலில், கடையில், டீச்சர்கள் அறையில், பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி. "அங்கிட்டு முனையில போய் நின்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. நானும் விளக்கப் போவதில்லை.

போன வருடம் தை மாதத்தில், ஈரப் பலகையில் வழுக்கி, முழங்கால் திருகிவிட்டது. ஆறு வாரம் கட்டு. இனி முனைக்கு யாரும் போக வேண்டாம், பாயைச் சுருட்டுகிற கருவி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்றான் சார்லஸ்.

3

கருவியைத் தேர்ந்தெடுத்தது ஷீபாதான். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, மூன்று வாரம், செல்போனில் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

சங்கதி இதுதான்: கம்பியின் அடியில் ஒரு உருளை, அதில் சுற்றிய கயிறு. பின்னால் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் உருளை சுழலும்; அதோடு சேர்ந்து பாயும் கம்பியைச் சுற்றிக் கோரைப்பாய் போலச் சுருளும். மலிவானதில் குழல் கிடையாது, பாதிச் சுருட்டி வைக்க முடியாது. இன்னொன்று இதைவிடப் பெரிய படகுக்கானது, முனை கனத்துவிடும். மூன்றாவதில் கம்பிக்கு மேல் அலுமினியக் குழல் வரும், அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம். கம்பியின் கனம், அதை மாட்டும் ஆணியின் விட்டம், உச்சிவரை நீளம் என்று அவள் சொல்லச் சொல்ல, சார்லஸ் கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடந்து அளந்து வந்தான். இரண்டு தடவை அவன் அளந்தது தப்பு என்று நாற்காலியிலிருந்தே கண்டுபிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி போனான்.

அவர்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான் என்று ஷீபா சொன்னாள்.

(சார்லஸ் கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஒரு வரைவில் அவனுக்குக் குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். பிறகொரு நாள் பேருந்தில் படித்துக் காட்டியபோது ஷீபா அடித்துவிடச் சொன்னாள். "அவரு குடிக்க மாட்டாருக்கா. அதான் கஷ்டம்.")

4

கொச்சியிலிருந்து பார்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பாய்மரத்தைக் கழற்றி மணலில் கிடத்தி, சார்லஸ் குழலை அறுத்துக் கோத்தான். ஷீபா சாக்கில் உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு உருப்படியாக எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு சிறு எஃகு வளையம். அது உச்சிக்குச் சற்றுக் கீழே பாய்மரத்தில் திருக வேண்டியது. பாயை ஏற்றும் கயிறு அந்த வளையத்துக்குள் புகுந்து போனால், கம்பியைவிட்டுப் பத்து டிகிரி விலகி நிற்கும். வளையம் இல்லாவிட்டால் கயிறு கம்பியை ஒட்டியே போகும். பாய் சுழலும்போது அதுவும் சேர்ந்து சுற்றி இறுக்கிவிடும். பிறகு பாய் சுருளாது, விரியாது, இறங்காது.

வளையம் அவள் உள்ளங்கையில் இருந்தபோது சார்லஸுக்குப் போன் வந்தது. மறுவாரம் படகேற விரும்பும் யாரோ. "தாராளமா வாங்க. இனிமே வீட்டுக்காரம்மா வர மாட்டாங்க, ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கும்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னான்.

ஷீபா வளையத்தைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அவன் வந்து, "ஒரு வளையம் இருந்துச்சே, பாத்தியா?" என்று கேட்டான்.

"பாக்கலை."

அரைமணி நேரம் மணலைச் சலித்துத் தேடினான். பிறகு கொச்சிக்குப் போன் போட்டான். வேறொன்று அனுப்பப் பதினைந்து நாளாகும் என்றார்கள். பாய்மரத்தை நிறுத்தி, லேசான காற்றில் சுருட்டிப் பார்த்தான். அழகாகச் சுருண்டது.

"அந்த வளையம் வர்ற வரைக்கும் ஆளுகள ஏத்தாதீங்க" என்று ஷீபா சொன்னாள். ஒரு தடவை சொன்னாள். ஒரு வளையத்துக்காக வந்த ஆளை விடுவதா என்று அவன் கேட்டான்.*

* இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்றேன். சமயபுரம் தாண்டும்வரை ஷீபா பேசவில்லை. [திருத்தம்: கீரனூர்ப் பேருந்து அந்த வழி போகாது. வேறெதோ ஊர். அவள் பேசாதிருந்தது மட்டும் நிஜம்.] பிறகு சொன்னாள்: "கொடுத்தா, எங்க இருந்துச்சுன்னு கேப்பாருல்ல?"

5

மறு ஞாயிறு, இலுப்பூரிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதியை ஏற்றிக்கொண்டு சார்லஸ் போனான். பிற்பகலில் கச்சான் காற்று எழுந்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று அது.

சுருட்டும் கயிற்றை இழுத்தான். நாலைந்து சுற்றோடு நின்றது. பாதிப் பாய் விரிந்தபடி மாட்டிக்கொண்டது. எஞ்சினைப் போட்டும் படகு கரைப்பக்கம் திரும்பவில்லை. இலங்கைக் கடல் எல்லைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். சார்லஸ் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு உடம்பை மல்லாத்தி இழுத்தான். அடுத்த காற்றுக்குப் பாய் வெடுக்கென்று அவிழ்ந்து, கயிறு ஓடியது. வலது கையில் இரண்டு விரல்கள் அதோடு போயின.

மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நாகராசு என்பவரின் விசைப்படகு பார்த்து, பாயைக் கத்தியால் கிழித்து, மூவரையும் படகோடு கட்டியிழுத்துக் கொண்டுவந்தது. எல்லையில் பிடிபட்டால் தன் படகே போய்விடும் என்று தெரிந்தும் நாகராசு அங்கிட்டுப் போனார். இலுப்பூர்க்காரர்களுக்குக் காயமில்லை.

(ஒரு வரைவில் அந்தப் பெண்ணைச் சாகவிட்டேன். கனம் கூடும் என்று நினைத்தேன். எழுதி முடித்துப் படித்தபோது என் மேலேயே அருவருப்பாக இருந்தது.)

6

மருத்துவமனையில் மூன்றாம் நாள் சார்லஸ் வாய் திறந்தான்.

"நீ சொன்னதக் கேட்டிருக்கணும். என்னைய மன்னிச்சிரு."

ஷீபா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் ஊட்டிவிட்டு, "பரவாயில்ல விடுங்க" என்றாள்.

இதைச் சொன்னபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வளையத்தை மறைத்ததைக்கூட அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டதைத்தான் அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பிறகு எட்டு மாதம் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். ஒவ்வொரு முறை பொத்தான் போடும்போதும் அவன் தலை குனிந்து நிற்பானாம். அதைத் தாங்க முடியாமல்தான் திருச்சியில் வேலை தேடிக்கொண்டு கீரனூருக்கு வந்தாள். தன் பிடிவாதத்தால் கையும் போய், பெண்டாட்டியும் போனதாக இன்றுவரை சார்லஸ் நம்புகிறான்.

7

முடிவுகள் இரண்டு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் ஷீபா பேருந்தேறிப் போய்ச் சொல்லிவிடுகிறாள். மற்றதில் சொல்லாமலே இருந்துவிடுகிறாள். இரண்டையும் காட்டினேன். அவள் எதையும் தொடவில்லை. எந்தப் பத்திரிகை, எப்போது வரும், புதுக்கோட்டைப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டாள். பெயர்களை மாற்றச் சொன்னாள். ஊரை மாற்றட்டுமா என்றேன்.

"ஊரு அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கரையில் பாய்ப்படகு வைத்திருந்தவன் ஒருத்தன்தான். பெயரை மாற்றி என்ன ஆகப் போகிறது? அவள் தேடியது எழுத்தாளரை அல்ல, தபால்காரரை. ஆத்திரம் வந்தது. ஊரைத் தூத்துக்குடியாக்கி ஒரு பிரதி எடுத்தேன். ஒரு வரிகூட நிற்கவில்லை. திரும்ப ஜெகதாப்பட்டினமாகவே மாற்றினேன். ஆக, இதில் என் கையும் இருக்கிறது.

ஆனால் சார்லஸ் கதை படிக்கிறவன் இல்லை. இப்போது ஒரு ஐஸ் பிளான்ட்டில் லோடு எண்ணுகிற வேலை. யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. உங்களில் ஒருவருக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கலாம். மீன் வாங்கப் போகலாம். கொடுக்கச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தத் தைரியம் ஷீபாவுக்கு இல்லாதது போலவே எனக்கும் இல்லை.

கொடுப்பதானால், அவன் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்காதீர்கள்.