பதினோராவது பேன்

நட்டாலியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு. ஒன்றேகால் ஆகியும் துளசிக்கு ஒரு கவளம் சோறு உள்ளே போகவில்லை. பட்டம் வாங்கப்போகிறவள் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூட உதவியாளரான துளசிக்குத்தான் பயம். காரணம் பெரியது, உருவத்தில் எள்ளளவு.

அந்தக் கூடத்தில் பேன்தான் பிழைப்பு. மனிதன், மாடு, மீன் என்று பெரும்பாலான உயிர்களின் மைட்டோகாண்டிரியாவில் மரபணுக்கள் ஒரே வளையமாகக் கோத்திருக்கும். நம் தலைப்பேனுக்கோ அந்த வளையம் உடைந்து, இருபது குட்டி வளையங்களாகக் கிடக்கிறது. குரங்குப் பேனுக்கும் உடைந்துதான் இருக்கிறது, ஆனால் உடைந்த விதம் வேறு. பிறர் உடம்பில் ஒட்டிப் பிழைக்கிற ஜீவனுக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்டே நட்டாலி நான்கு வருடம் தேய்ந்தாள். தாவரவியல் பூங்காக் குரங்குகளிடம் எடுத்த ஏழாம் மாதிரியில் மட்டும், குரங்குப் பேனின் வளையங்களோடு மனிதப் பேனின் வளையங்களும் ஐந்து கிடைத்தன. இரண்டு இனமும் எப்போதோ கலந்திருக்கின்றன என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள்.

மனிதப் பேன் தவறி விழுந்திருக்காதா என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். கூடத்தில் வேலை செய்கிற எல்லோரும் திங்கள்தோறும் தலையைச் சீவிப் பார்த்து, பேன் உண்டா இல்லையா என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதிரி எடுத்த வாரம் எல்லோர் பெயருக்கும் நேரே 'இல்லை'.

அந்த இல்லைகளில் ஒன்று பச்சைப் பொய். அந்த வாரம் துளசியின் மகள் சுபாஷினி பள்ளியிலிருந்து தலை நிறையப் பேனோடு வந்திருந்தாள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தாயும் மகளும் மருந்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேன் கூடத்தில் வேலை செய்கிறவளுக்கே பேன் என்று எந்த வாயால் சொல்வது? மானத்துக்கு அஞ்சி எழுதிவிட்டாள். பேனாவும் தடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை பழைய படங்களை அடுக்கும்போதுதான் மாட்டியது. பத்துப் பேன்களைக் குப்பியில் சேர்த்து, அரைப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது துளசியின் வேலை. ஏழாம் குப்பியில் எண்ணினாள். பதினொன்று. படத்தைப் பெரிதாக்கினாள். ஒன்று மட்டும் குட்டைத் தலையும் அகன்ற வயிறுமாகக் கிடந்தது. அவளுக்கு நன்றாகப் பழக்கமான உருவம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. பதிவேட்டில் பொய் எழுதியவளை யார் வைத்துக்கொள்வார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து நாளை ஓட்டிவிட்டாள். இப்போது நாளையும் தீர்ந்துவிட்டது. தேர்வாளர் யாராவது அந்தப் படத்தைக் கேட்டால் தலைகுனிந்து நிற்கப்போவது நட்டாலி. கேட்காமலே விட்டால் இன்னும் மோசம். அந்த அத்தியாயம் அச்சேறும், வேறு நாட்டில் யாரோ சரிபார்ப்பார்கள், அவமானம் ஆயுசுக்கும் அந்தப் பெண்ணின் பெயரோடு போகும். துளசி சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

"நட்டாலி, ஏழாம் நம்பர சொல்லாதம்மா."

"ஏன்க்கா? என்னாச்சு?"

"அதுல ஒன்னு என் தலையிலருந்து விழுந்தது. பாரு, பதினொன்னு இருக்கு." துளசி கைபேசியை நீட்டினாள். "அந்த வாரம் எனக்குப் பேன் இருந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு இல்லன்னு எழுதிட்டேன் லா."

நட்டாலி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். சத்தம் போடுவாள் என்று துளசி காத்திருந்தாள். போட்டால்கூடத் தேவலை போலிருந்தது. நட்டாலி மடிக்கணினியைத் திறந்து, தேர்வில் திரையில் காட்டவிருந்த பக்கங்களில் ஏழாம் மாதிரி வருபவற்றை ஒவ்வொன்றாக அழித்தாள். ஆறு பக்கம் போனது. மிச்சம் இருப்பது ஒரு பட்டத்துக்குக் காணுமா என்று இருவருக்குமே தெரியவில்லை.

"மன்னிச்சிரும்மா."

"பேன் எல்லாருக்கும் வரும்க்கா. வெக்கப்பட்டு எழுதிட்டீங்க, அதுகூட எனக்குப் புரியுது." நட்டாலி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆனா உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

நட்டாலியின் கை நின்றது.

"இன்னைக்குப் பேசப்போறத சனிக்கிழமை உங்க முன்னாலதானே பேசிப் பாத்தேன். இந்த ஸ்லைட் வந்தப்ப நீங்கதான் மொதல்ல கை தட்டுனீங்க."