புலிக்கு வைத்த மட்டக்கம்பு

எங்கள் தோட்டத்தில் பொய் சொல்லத் தெரியாதவர்கள் இருவர். ஒருவர் என் மருமகள் ஜெயந்தினி. இன்னொருவர் என் கேமரா. என்னை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை. நானும் சேர்க்கச் சொல்லிக் கேட்டதில்லை.

உடப்புசல்லாவைப் பக்கம் வந்து அழகுமுத்து வீடு எது என்று கேட்டால், எந்த அழகுமுத்து என்பார்கள். மூடுபனியில் தொலைந்துபோன தன் இருமலை வலப்பனைச் சந்தையில் கண்டுபிடித்தவர் என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அந்த இருமல் ஒரு மரக்கறி வியாபாரியின் நெஞ்சில் குடியிருந்தது. காதில் விழுந்ததுமே அடையாளம் தெரிந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கு அது ராசியாக இருந்தது.

கேமரா வந்த கதையும் இப்படித்தான். வெள்ளைக்காரர் ஒருவர் தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அட்டை ஒன்று அவர் காலில் ஏறி, இரத்தம் ருசிக்காமல் கேமராவுக்குப் போய் பேட்டரியை உறிஞ்சிவிட்டது. மனிதர் வெறுத்துப்போய் என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். லீக்ஸ் மரக்கறி மூட்டைக்குப் பதிலாக ஸ்டூடியோ மக்பூல் தலையில் கட்டினார் என்று ஜெயந்தினி சொல்வாள். யாருக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளலாம்.

பிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமராதான். ஆனால் பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் தானே சுழன்று குறிபார்க்கும்; குறி கிடைத்ததும் 'பீப்' என்று சொல்லும். கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு அழுத்தினாலும் படம் எடுக்காது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் ஒரே சாமான் எங்கள் வீட்டில் அதுதான்.

இந்த நிலைமையில்தான் ஏழாம் நம்பர் மலையில் ஜெயந்தினி புலியைப் பார்த்தாள். சிறுத்தையைத்தான் நாங்கள் புலி என்போம். அந்த மலையின் உச்சியில் ஒரு பெரிய கல். அதைச் சுற்றி மானாப்புல் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. தோட்டம் அதை வெட்டுவதை மறந்தே போயிருந்தது. மேல் நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். கல்லின்மேல் அது படுத்து, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கூட இருந்த பெண்களை எல்லாம் சத்தமில்லாமல் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிட்டாள்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவள்தான் முதலில் பேசினாள். நான் ஓய்வு பெற்றவன். இருந்தாலும் பெரட்டுக்குப் போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மதிலோரம் நின்று கேட்டேன்.

"தொரை, மானாப்புல்ல வெட்டிக் குடுங்க. அப்புறம் நாங்க ஏழாம் நம்பருக்குப் போறோம். அங்க புலி இருக்குங்க."

தோட்டத்து மேனேஜரான துரை அவள் கைபேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து அதில் ஏதோ பேசினார். கண் மூடித் திறப்பதற்குள் அது ஒரு படம் வரைந்து கொடுத்தது. அச்சு அசல் சிறுத்தை. துரையின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இதையும் நம்பவா?" என்றார். "இப்ப எல்லா போனும் புலி போடும். நீ பாத்தது நாய்."

"நாய்க்குப் புள்ளி இருக்குமா தொரை?" என்று கேட்டாள் ராக்காயி. அவள் எங்கள் கொழுந்துக் கூட்டத்தில் மூத்தவள். வயதுக்கு மரியாதை கொடுத்துப் பல் எல்லாம் விலகிக்கொண்டாலும் வாய் விலகவில்லை.

துரைக்குப் பக்கத்தில் நின்ற, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அப்போதுதான் அதைச் சொன்னார். "இவங்க நம்ம அழகுமுத்து மருமக தொரை. அந்த வீட்டுல யானையே பறக்கும்."

பெரட்டுக்களம் முழுதும் சிரித்தது. புலியைக் கண்டு இறங்கிவந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஜெயந்தினி என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"சரி," என்றார் துரை. "போகாதவங்களுக்கு அரைப்பேர். மாசம் முடியுறதுக்குள்ள போகலன்னா, இத ஆரம்பிச்ச ஜெயந்தினிக்கு இந்தத் தோட்டத்துல பேரே இல்ல." எங்கள் பக்கம் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பேரே இல்லை என்றால் தோட்டம் கொடுத்த லயத்து அறைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் என் மகன் அனுப்புவது பஸ் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும்.

துரை போகிற போக்கில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "அந்தக் காலத்துப் பிலிம்ல எடுத்துக் கொண்டா. அதுல பொய் போட ஏலாது. அப்ப நம்புறேன்."

வீட்டுக்கு வந்தவள் தலையில் போட்ட கொங்காணித் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. என் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, இது பொய் சொல்லுமா?"

"சொல்லாது ஆயி. அதனாலதான் எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்த கொறவு."

"அப்ப கெளம்புங்க. புலி இல்லன்னு சொன்னாங்க, பரவால்ல. உங்க மருமகங்குறதால பொய்யின்னு சொன்னாங்க பாருங்க, அத விடுறதா இல்ல."

மக்பூல் ஒரு கறுப்பு வெள்ளை பிலிமைக் குளிர்பெட்டியில் மீனுக்குக் கீழே பாதுகாத்து வைத்திருந்தார். அதை வாங்கி மாட்டினோம். ஏழாம் நம்பர் மலையின் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம் ஒன்று கைவிட்டுக் கிடந்தது. சுவர் நல்ல சுவர், கதவும் உண்டு. அன்றைய கடைசி நிறுவை முடிந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சன்னல் கம்பிக்கு நடுவே லென்ஸின் நீண்ட மூக்கை நீட்டினோம்.

புலி வந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள், கல்லின்மேல் ஏறியதும் முகத்தை நக்கித் துடைத்துக்கொண்டது. நான் பட்டனை அழுத்தினேன். அதே நேரம் பனியும் வந்தது. லென்ஸ் 'கிர்' என்று முன்னால் போனது, 'கிர்' என்று பின்னால் வந்தது. கண் தெரியாதவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரித் தேடியது. கடைசியில் 'பீப்' என்றது. நான் சக்கரத்தைப் பச்சைச் சதுரத்தில் விட்டிருந்தேன். அங்கே விட்டால் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும். இருட்டு என்று அது முடிவு செய்து, தலையைத் திறந்து ஃபிளாஷை அடித்தது. பனி முழுவதும் வெள்ளையாகப் பூத்தது. புலி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அது கோபப் பார்வை இல்லை. வருத்தப் பார்வை.

மக்பூல் கழுவிக் கொடுத்த படத்தைத் துரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடுவத்துக்கு முன்னால் நின்ற தேயிலைக் கிளை ஒன்று தெளிவாக விழுந்திருந்தது. கொழுந்தின் மேல் இருந்த மயிரைக்கூட எண்ணலாம். அதற்குப் பின்னால், தூரத்தில், மங்கலாக ஏதோ ஒரு கறுப்பு.

"நல்ல கொழுந்து," என்றார் துரை. "இத ஏன் எடுக்காம விட்டீங்க?"

ஜெயந்தினி படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அழவில்லை. நேரே பஸ் ஏறி மக்பூலிடம் போனாள். நான் பின்னால் போனேன்.

"மெசின்ல பிழ இல்ல தங்கச்சி," என்றார் மக்பூல். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தபடியே பேசினார். "நடுவுல இந்தப் பெட்டி தெரியுதா? அதுக்குள்ள கோடு கோடா எது இருக்குதோ அதத்தான் இது புடிக்கும். பனியில புடிக்க ஒண்டும் இல்ல. கிட்டத்துல கெள இருந்திச்சி, அதப் புடிச்சிட்டுது."

"அப்ப தூரத்துல கோடு இருந்தா?"

"அதப் புடிக்கும். பீப்புன்னு கேட்டொடன லென்ஸ் பக்கத்துல இருக்குற இந்தச் சுவிச்ச 'ஏ'யில இருந்து 'எம்'முக்குத் தள்ளிடுங்க. மறுகா அது தேடாது. புடிச்ச எடத்துலயே நிக்கும். ஃபிளாஷ் வேணாம்னா பச்சச் சதுரத்த விட்டு 'பி'க்குத் திருப்புங்க. இன்னொண்டு, வெள்ளப் பனியப் பாத்தா இது வெளிச்சம் கூடன்னு நெனச்சி இருட்டாக்கும். ப்ளஸ்ஸுல ஒண்டு வைங்க."

"பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசணும், அவ்வளவுதானே?" என்றாள் ஜெயந்தினி.

"அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் கறுப்பு ஒட்டுநாடா ஒன்று வாங்கினாள். வீட்டில் தன் மட்டக்கம்பை எடுத்தாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரிடமும் அது இருக்கும். தேயிலைச் செடியின் தலைமேல் குறுக்கே போட்டுவிட்டு, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தைத்தான் கிள்ள வேண்டும். அந்தக் கம்பின் நீளம் கண்டாக்குக்குத் தன் கை நீளத்தைவிட நன்றாகத் தெரியும். குறைந்தால் திட்டுவது அவர்தான். அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, வரிக்குதிரை மாதிரிக் கறுப்பு நாடாவைச் சுற்றினாள்.

"என்னா புள்ள, கம்புக்குச் சட்ட தைக்கிறியா?"

"கல்லு மேல வைக்கப் போறேன் மாமா. உங்க கேமரா புடிக்க கோடு வேணுமாம்ல."

பட்டப்பகலில், பெண்கள் எல்லோரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு கூட வர, அவளே ஏறிப்போய்க் கல்லின்மேல் கம்பை வைத்துவிட்டு வந்தாள். மடுவத்துக்குள்ளிருந்து பட்டனைப் பாதி அழுத்தினாள். லென்ஸ் கிளையைத் தாண்டிப் போய்க் கம்பைப் பிடித்தது. பீப். சுவிட்சை 'எம்'முக்குத் தள்ளினாள். அதன்பிறகு என்னை அந்தக் கேமராவைத் தொட விடவில்லை. "மூச்சு விடுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி விடுங்க," என்றாள்.

இரண்டு மாலை புலி வரவில்லை. மூன்றாம் மாலை பனிக்குள்ளே இருந்து வந்து, கம்பை மோந்து பார்த்து, அதற்குப் பின்னால் நீட்டிப் படுத்து, கம்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டது. ஜெயந்தினி அழுத்தினாள். தேடல் இல்லை, வெளிச்சம் இல்லை; 'டக்' என்று ஒரே சத்தம். மறுபடி, மறுபடி. பிலிம் முடிந்ததும் கேமரா வழக்கம்போலத் தானாகவே 'கிர்ர்ர்' என்று பின்னால் சுற்றத் தொடங்கியது. புலி காதை நிமிர்த்தியது. அது பல்லைக் கடிக்கும் சத்தம் என்று நினைத்திருக்க வேண்டும். தானும் மட்டக்கம்பை ஒரு கடி கடித்துக் காட்டிவிட்டுப் போனது.

"என் கம்பு!" என்றாள் ஜெயந்தினி.

அடுத்த பெரட்டில் படம் துரையின் கைக்குப் போனது. புள்ளிகள், மீசை, கம்பு, எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"பூன," என்றார் துரை. "காட்டுப்பூன. கிட்ட இருந்து எடுத்தா பெருசாத்தான் தெரியும். அழகுமுத்து, நீ சொல்லு, இது என்ன?"

என் ஆயுளில் என்னிடம் யாரும் சாட்சி கேட்டதில்லை. பல நல்ல பதில்கள் நாக்குவரை வந்தன. "நான் சொன்னா நம்ப மாட்டீங்க தொரை," என்றேன். "கம்பக் கேளுங்க."

ஜெயந்தினி மட்டக்கம்பைக் கண்டாக்கிடம் நீட்டினாள். "ஐயா, நீங்கதான் தெனமும் எங்க கம்பப் பாக்குறவங்க. நீளம் சரியா?"

கண்டாக்கு கம்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நாடாவின் வரிகளை இரண்டிலும் விரல் வைத்து எண்ணினார். "சரிதான்," என்றார் மெதுவாக. படத்தில் கம்பின் இரண்டு முனையும் தாண்டிப் புலியின் உடம்பு இருந்தது. கம்பின் நடுவில் பல் பதிந்த இடத்தைக் கண்டபோது கண்டாக்கு விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், இன்னும் கடிக்கும் என்பதுபோல.

"பூனைக்கி நல்ல தீனி போடுறீங்க தொரை," என்றாள் ராக்காயி.

துரை படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "நெகட்டிவ் எங்க?" என்றார். "பழைய பங்களாவுல வெள்ளக்காரங்க தங்குறாங்க. இத பெருசாப் போட்டு ஒரு போர்டு வச்சா..."

"நேத்து வரைக்கும் நாயி," என்றாள் ஜெயந்தினி. "இன்னைக்கிக் காலையில பூன. இப்ப போர்டு வைக்கிற புலியா? நெகட்டிவ் எங்க வீட்டுல இருக்கு தொரை. அது அங்கதான் இருக்கும். மொதல்ல எல்லாருக்கும் வெட்டுன அரைப்பேரப் போடுங்க. மானாப்புல்ல வெட்டுங்க. அதுவரைக்கும் ஏழாம் நம்பர்ல ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம்."

சொல்லிவிட்டு அந்தக் கடிபட்ட கம்பை ஆபிஸ் படியின் குறுக்கே வைத்தாள். ராக்காயி தன் கம்பை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் வைத்தார்கள். படி மறைந்துபோனது. துரை ஆபிசுக்குள் போக வேண்டும் என்றால் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும், குட்டையான மனிதர். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு, கண்டாக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பேர் போட்டார்கள். அந்த வாரமே ஆட்கள் கத்தியோடு வந்து மானாப்புல்லை வெட்டினார்கள். காடு திறந்ததும் புலி தானாகவே மேல்காட்டுக்கு விலகிவிட்டது. போவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொண்டு போனது, அது வேறு கதை.

வெட்டு நடந்தபோது துரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுவே நின்றார். தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்; மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம், பிலிமில் எடுத்தால்தான் நம்புவார்களாம். ஜெயந்தினி புது பிலிம் போட்ட கேமராவைத் தூக்கினாள். சுவிட்சை 'எம்'மிலிருந்து 'ஏ'க்குத் தள்ளியதை நான் பார்த்தேன். இரண்டு எட்டு பின்னால் போய், இன்னும் வெட்டாமல் நின்ற ஒரு மானாப்புல் தட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். 'கிர்' என்றது, 'பீப்' என்றது, 'டக்' என்றது.

மக்பூல் படத்தைக் கழுவிக் கொடுத்தார். புல்லின் முள்முனைகூடத் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், மங்கலாக ஏதோ ஒரு கறுப்பு.

ஜெயந்தினி படத்தை வெளிச்சத்தில் பிடித்து, துரை பிடித்ததைப்போலவே சாய்த்துப் பார்த்தாள்.

"நாய் மாதிரி இருக்கு மாமா," என்றாள்.