கோச்சுக்கு இன்னும் ஒரு வருஷம்

கல்லூரித் துணை முதல்வர் அம்மாளுக்கு ஒருவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அப்புறம் சோறு தண்ணீர் வேண்டாம். இந்த முறை அது கூடைப்பந்து கோச் மேல் விழுந்திருந்தது. கல்லூரி அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அந்த மனிதரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை முதல்வர் இந்த அம்மாள் தலையில் கட்டியிருந்தார்.

தோற்றதைக்கூட மன்னிக்கலாம், தோற்ற விதம்தான் உறுத்தியது. டைம் அவுட்டில் கோச் பழக்கிவைத்த எந்த ஆட்டத்தைச் சொல்லி அனுப்பினாலும், பந்து போய்ச் சேருமுன் எதிரணிக்காரன் சரியாக அந்த இடத்தில் நிற்பான், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி. கோச்தான் விலைபோய்விட்டார் என்று அம்மாள் முடிவே கட்டிவிட்டார். அவர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம்.

ஆதாரம் வேண்டுமே. மகன் அதே அணியில் ஆடினான். சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு, இன்றைக்கு என்ன ஆட்டம் பழக்கினார் என்று குடைவார். வெளியே சொல்லக்கூடாதும்மா என்று அவன் முனகுவான். பெற்றவளிடம் என்னடா ரகசியம் என்று ஒரு போடு போட்டதும் கக்கிவிடுவான். தமக்கு ஆட்டம் புரியாது என்பதால் அதை அப்படியே தம்பிக்குப் போனில் ஒப்பிப்பார். தம்பி வேறொரு கல்லூரியில் கோச். மற்ற கோச்சுகளிடமும் விசாரித்துச் சொல்கிறேன் என்பான். அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்றும் சொல்வான். அம்மாளின் சந்தேகம் இன்னும் கொழுக்கும்.

முடிவு சொல்லும் நாளில், முதல்வர் அறையில் கோச்சே முந்திக்கொண்டார். உள்ளே இருந்து யாரோ ஆட்டத்தை வெளியே சொல்கிறார்களாம். போன வாரம் ஒரே ஒரு பையனிடம், பந்து வலது மூலைக்குத்தான் போகும் என்று பொய்யாகச் சொல்லிவைத்தாராம். மேட்ச் முழுக்க எதிரணியில் இரண்டு பேர் வலது மூலையை விட்டு நகரவில்லையாம்.

"அவன் யாருன்னு மேடம் எதிர்லயே சொல்லச் சங்கடமா இருக்கு சார்," என்றார் கோச்.

"என்கிட்ட மட்டும் சொன்னாரும்மா" என்று மகன் பெருமை பொங்கச் சொன்னதும், அதைத் தம்பியிடம் சொல்லிச் சிரித்ததும் அம்மாளுக்குத்தானே தெரியும். எவனாக இருந்தாலும் கல்லூரியை விட்டே அனுப்புவேன் என்றார் முதல்வர். இந்தக் கோச்சை அனுப்பிவிடலாம் என்று அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அமுங்கிவிடும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். வாய் வரை வந்தது. சீ என்று இருந்தது.

"அவன் துரோகி இல்ல சார். அம்மா கேட்டா, சொன்னான். வெளிய சொன்னது நான்தான். இவருக்கு இன்னும் ஒரு வருஷம் குடுங்க."

இரண்டு பேரும் நம்பவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத் தாய் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று முதல்வரே பரிதாபப்பட்டார். கோச் முகத்தில், இதுநாள் வரை அம்மாள் அவரைப் பார்த்த அதே பார்வை.

அம்மாள் போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"சொல்லுக்கா," என்றது தம்பியின் குரல். "இந்த வாரம் என்ன ஆட்டம் பழக்கினான்?"